மலையில் வீடு, மனை வாங்கி வாடகைக்கு விட நினைப்போருக்கு: நேரில் கண்டவை

கோத்தகிரியிலிருந்து:

நான் இங்கே சில வீடுகளை வாடகைக்கு விட்டுவருவதால், சமவெளியிலிருந்து முதன்முறையாக மனை வாங்க வருகிறவர்கள் என்னிடம் கலந்து பேசுவதுண்டு. அவர்களில் கோவையைச் சேர்ந்த ஒருவர், அரவேணு பக்கம் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய சரிவான மனை ஒன்றுக்கு முன்பணம் கொடுக்குமுன், பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்தார். உரிமையில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் மனையின் எல்லைகளைக் காட்டும் அரசு அளவை வரைபடமான புலப்படத்தை விரித்துப் பார்த்தபோது, வண்டி போய்வரும் பாதை முழுவதும் பக்கத்துத் தோட்டக்காரரின் சர்வே எண்ணுக்குள் இருந்தது. பத்திரத்தில் வழிப்பாதை உரிமை பற்றி ஒரு வரிகூட இல்லை. "காலங்காலமாக எல்லோரும் போகிற வழிதான் சார்" என்றார் தரகர். நாளை அந்தத் தோட்டம் கைமாறி, வாங்கியவர் வேலி போட்டுவிட்டால், வழக்காடித்தான் வழியைப் பெற வேண்டியிருக்கும்.

அங்கே கட்ட முடியுமா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. மலைப்பகுதிக் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் வரும் கிராமங்களில் கட்டட அனுமதிக்கு வனம், வேளாண் பொறியியல், புவியியல் மற்றும் சுரங்கம் ஆகிய துறைகளின் கருத்தும் தேவைப்படுகிறது. நீலகிரியில் கட்டடத்தின் உயரம் 7 மீட்டருக்குள் இருக்க வேண்டும். மண் தோண்டும் இயந்திரத்தை இறக்குவதற்கே மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஆகவே, கடன் வாங்கிக் கட்டி வாடகையில் தவணையை அடைக்க நினைப்பவர், காத்திருக்கும் காலத்தின் வட்டியையும் மனை விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

அவர் மனையைப் பார்த்தது வெயில் காயும் மார்ச் மாதத்தில். ஐப்பசி மழையில் ஒருமுறை வந்து பார்க்கும்படி வற்புறுத்தினேன். குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துச் சரிவுகளை வடகிழக்குப் பருவமழைதான் சோதிக்கும்; 2009 நவம்பரில் மாவட்டத்தில் ஏற்பட்ட மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. அவர் வந்தபோது, மேல்தோட்டத்துத் தண்ணீர் முழுவதும் அந்த மனையின் நடுவே வழிந்துகொண்டிருந்தது. பிறகு அவர் ஊருக்குள், வரைபட அனுமதியுடன் கட்டப்பட்ட பழைய வீடு ஒன்றை வாங்கினார். பரப்பு குறைவுதான், ஆனால் அடுத்த மாதமே வாடகைக்குக் குடி வந்துவிட்டது.

நீலகிரி மாவட்டம் கூடலூரிலிருந்து:

எங்கள் பகுதியில் விலை மலிவாகச் சொல்லப்பட்டால், அது பிரிவு 17 நிலமா என்று முதலில் கேளுங்கள். ஜென்மம் என்ற பழைய பரம்பரை நில உடைமை முறையை ஒழித்த 1969ஆம் ஆண்டின் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் அந்தப் பிரிவில் சிக்கிய நிலங்களுக்குப் பட்டா கிடைக்காமல், தலைமுறைகளாகக் குடியிருப்பவர்களே அல்லற்படுகிறார்கள். அனுபோகத்தை மட்டும் காட்டி எழுதித்தரும் தாளை நம்பிப் பணம் கொடுக்க வந்த இருவரை வட்டாட்சியர் அலுவலகத்திற்கு அழைத்துச் சென்று, பதிவேட்டைக் காட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கொடைக்கானலிலிருந்து:

வீடு வாங்கியாயிற்று என்றால், வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டுச் சட்டம் அதைக் கட்டாயமாக்குகிறது. என் வீட்டில் ஓர் ஆசிரியர் குடும்பம் குடியிருக்கிறது. மழை மாதங்களில் சுவரில் பூஞ்சை படிந்து, அதைச் சுத்தம் செய்யும் செலவு யாருடையது என்ற பேச்சு வந்தபோது, ஒப்பந்தத்தில் சுவர்ப்பூச்சும் கூரையும் என் பொறுப்பு, குழாயும் மின்விளக்குப் பொத்தானும் அவர்கள் பொறுப்பு என்று முன்பே எழுதியிருந்ததால், மனத்தாங்கல் இல்லாமல் முடிந்தது. சீசனில் நாள்வாடகைக்கு விட்டால் கூடுதலாகக் கிடைக்கும் என்று சொல்வார்கள். குடியிருப்புக்கு அனுமதி பெற்ற வீட்டை விடுதியாக நடத்துவது வேறு அனுமதிகளுக்கு உட்பட்டது. 2024 மே முதல், பயணிகள் வருமுன் இணையத்தில் பெற வேண்டிய இ-பாஸ் என்ற அனுமதி முறையும் இருக்கிறது. முதலீடு செய்பவர்கள் மாத வாடகையை மட்டும் வருமானமாக எழுதிப் பார்த்து, அதில் தவணை கட்ட முடிந்தால் மட்டுமே வாங்குங்கள் என்று என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்லிவருகிறேன்.