மறு: பைப் ஓகன் 'ஸ்டொப்', தமிழில் எப்படி?

ஐயா, பைப் ஓகன் (குழல்களில் காற்று ஏறி ஒலிக்கிற தேவாலய வாத்தியம்) 'ஸ்டொப்'புக்கு நீங்கள் சொன்ன 'நிறுத்தி' வேண்டாமே. ஸ்டொப் என்றால் ஒரு பிடியை இழுத்துத் திறக்கிற ஒலிவகை. அந்தப் பிடியை இழுத்தால்தான் குழல்கள் பேசும், தள்ளினால் அடங்கும். ஒலிக்க வைக்கிற ஒன்றுக்கு நிறுத்தி என்று பேர் வைத்து, அதை ஓகனுக்கான மும்மொழி விளக்கப்பலகையிலும் எழுதிவிட்டால், கொழும்பில் ஓகன் பழகுகிற பிள்ளைகள் நம்மைத்தான் திட்டுவார்கள்.

'குழல்வரிசை' நல்ல சொல், ஆனால் அது 'ராங்க்' என்பதற்கு, அதாவது வாசிக்கும் கட்டைக்கு ஒன்றாக நிற்கிற ஒரே வகைக் குழல்களின் வரிசைக்கு. பழைய ஓகனைப் பெருப்பிக்கும்போதுதான் இந்த வித்தியாசம் உதைக்கும். பழைய அமைப்பில் ஒவ்வொரு வரிசைக்கும் கீழே துளை போட்ட மரச்சட்டம் ஒன்று இருக்கும். பிடியை இழுத்தால் அதன் துளைகள் குழல்களின் அடிக்கு நேராக வரும், பிறகு கட்டையை அழுத்தியதும் துருத்திக் காற்று ஏறும். அங்கே பெரும்பாலும் ஒரு ஸ்டொப்புக்கு ஒரு வரிசை. 'மிக்ஸ்சர்' வகையில் மட்டும் ஒரே பிடிக்கு மூன்று நாலு வரிசை சேர்ந்து ஒலிக்கும். மின்னியக்கம் வந்த பிறகு கதை தலைகீழ், ஒரே வரிசையிலிருந்து பல ஸ்டொப் எடுக்கலாம். ஏற்கெனவே இருக்கிற 8 அடி வரிசையோடு (அடி என்பது அதன் மிக நீளமான குழலின் அளவு) கீழ்ச்சுரப் பக்கத்தில் 12 பெரிய குழல்களைச் சேர்த்தால் போதும், 16 அடி ஸ்டொப் ஒன்று கூடுதலாகக் கிடைத்துவிடும். ஸ்டொப்புக்கும் வரிசைக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சபையில் கணக்கு வாசித்தால், காசு கொடுத்தவர் முழு வரிசையே வாங்கியதாக நினைப்பார்.

ஸ்டொப்புக்கு என் தெரிவு 'குரல்': 8 அடிக் குரல், 16 அடிக் குரல், இழுப்பதற்குக் குரற்பிடி. பண்டைத் தமிழிசையில் ஏழு சுரங்களில் முதலாவதின் பேர் குரல் என்று யாராவது கட்டாயம் கிளம்புவீர்கள். சரி, இருக்கட்டும், ஓகன் பலகையில் அந்தக் குழப்பம் வராது. ஓகன்காரரே ஒரு ஸ்டொப்புக்கு லத்தீனில் 'வொக்ஸ் ஹுமானா', அதாவது மனிதக் குரல் என்றுதானே பேர் வைத்திருக்கிறார்கள்.

பழைய ஓகனைத் திரும்பக் கட்டுவதற்கு நீங்கள் சொன்ன 'புனரமைப்பு' பற்றி: வீதிக்கும் வடிகாலுக்கும் போட்டுப் போட்டு அந்தச் சொல் தேய்ந்துவிட்டது. லண்டன் சென் போல்ஸ் பேராலயத்தில் பேர்னாட் ஸ்மித் 1690களில் கட்டிய ஓகனை 1872இல் ஹென்றி வில்லிஸ் பெருப்பித்தபோது, ஒன்றாக இருந்த பெட்டகத்தை இரண்டாகப் பிரித்துப் பாடகர் பகுதியின் இரு பக்கமும் வைத்தார். அது வெறும் திருத்தவேலையா? 'மீள்கட்டல்' என்றே எழுதுவோம், 'விரிவாக்கம்' தனிச் சொல்லாக இருக்கட்டும்.

அப்புறம், ரீட் குழலுக்கு (உள்ளே நாக்கு அதிர்ந்து ஒலிக்கிற குழல்) நீங்கள் 'சீவாளிக் குழல்' என்றது கேட்க அழகுதான், ஆனால் நாதஸ்வரச் சீவாளி நாணலில் செய்த இரட்டை நாக்கு, ஓகனில் அதிர்வது ஒற்றைப் பித்தளை நாக்கு. 'நாக்குக் குழல்' போதும்.