பின்புற டர்போ பொருத்திய காமரோவில் நீலப் புகையும் தாமதமான பூஸ்டும்: உதவி தேவை

கேள்வி

வணக்கம். நான் ஹூஸ்டனில் வசிக்கிறேன். நான்கு மாதங்களுக்கு முன்பு 2002-ஆம் ஆண்டு செவ்ரலே காமரோ ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கினேன். அதன் 5.7 லிட்டர் எல்எஸ்1 எஞ்சினுக்கு, முன்பு வைத்திருந்தவர் தம் கையாலேயே டர்போ (புகைவாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் கருவி) பொருத்தியிருக்கிறார். அது எஞ்சினை ஒட்டி இல்லாமல், பின் அச்சுக்கும் பம்பருக்கும் நடுவே, சைலன்சர் இருந்த இடத்தில் தொங்குகிறது. அங்கிருந்து இரண்டரை அங்குல அலுமினியக் குழாய் ஒன்று, ஏறத்தாழ 12 அடி நீளத்துக்கு, வண்டியின் அடிப்புறமாகவே முன்னால் வந்து எஞ்சினுக்குக் காற்றைக் கொடுக்கிறது.

சிக்னலில் மூன்று நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்பினால் பின்னால் வருபவர் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளும் அளவுக்கு நீலப் புகை வருகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டிலும் அப்படியே. ஆனால் நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது புகையே இல்லை. 800 மைலுக்கு ஒரு குவார்ட் ஆயில் குறைகிறது. வாங்கிய புதிதில் நிமிடத்துக்கு 2,800 சுற்றிலேயே 5 பிஎஸ்ஐ பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) கிடைத்தது. இப்போது 3,600-ஐத் தாண்டினால்தான் முள் அசைகிறது. போதாக்குறைக்கு, சென்ற வார மழைக்குப் பின், பின்னால் டர்போவோடு இருக்கும் ஏர் ஃபில்டரைத் தொட்டுப் பார்த்தபோது பிழிந்தால் தண்ணீர் வரும்போல் இருந்தது.

டர்போவின் சீல் போய்விட்டது, புதிய டர்போதான் வாங்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். டர்போவைப் பின்னால் வைப்பதே தவறான ஏற்பாடா, முன்னால் மாற்றிவிடலாமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1

நண்பரே, டர்போவுக்குப் பணம் செலவழிக்கும் முன் ஆயில் திரும்பும் வழியைப் பாருங்கள். நெடுஞ்சாலையில் புகை இல்லை என்று நீங்கள் எழுதிய ஒரு வரியே பாதி விடையைச் சொல்லிவிட்டது.

டர்போவின் தண்டில் இருப்பது ரப்பர் சீல் அன்று; பிஸ்டன் வளையம் போன்ற ஓர் உலோக வளையம். அந்தத் தண்டைத் தாங்கும் பேரிங் அறையிலிருந்து ஆயில் தடையின்றி வடிந்துகொண்டிருக்க வேண்டும், வெளிப்புறத்தில் வாயு அழுத்தமும் இருக்க வேண்டும். இவ்விரண்டும் இருக்கும்வரைதான் அந்த வளையம் ஆயிலைத் தடுக்கும். எஞ்சினை ஒட்டிய டர்போவில் ஆயில் தன் எடையாலேயே கீழே ஆயில் பேனுக்குள் (எஞ்சினின் அடித்தொட்டி) விழுந்துவிடும். உங்கள் டர்போவோ ஆயில் பேனைவிடத் தாழ்வாக, பல அடி பின்னால் இருக்கிறது. ஆகவே ஒரு மின் பம்பு ஆயிலை உறிஞ்சி முன்னால் அனுப்பியாக வேண்டும். அந்தப் பம்பு தளர்ந்தால் பேரிங் அறை நிரம்பும்; ஐடிலில் (வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது) வாயு அழுத்தமும் குறைவாக இருப்பதால் ஆயில், புகைவாயு சுழற்றும் சக்கரமான டர்பைன் பக்கம் வழிந்து புகையாகும். வேகமெடுத்தால் அதே வாயு அழுத்தம் ஆயிலைத் தடுத்து நிறுத்துவதால் புகையும் நின்றுவிடும்.

பம்பு முன்னால் அனுப்பும் குழாயை எஞ்சின் பக்கத்தில் கழற்றி ஒரு கண்ணாடி ஜாடிக்குள் விட்டு, எஞ்சினை ஐடிலில் ஒரு நிமிடம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். ஆயில் விட்டுவிட்டு, நுரையோடு, மெல்லிய நூலாக வந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டான். அப்போதும் பம்பை மாற்றிவிடாதீர்கள். பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் முனைகளில் வோல்ட் மீட்டரை வைத்து, மின்சாரம் முழுதாக வருகிறதா என்று பாருங்கள். காலைப் புகைக்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம். எஞ்சினை நிறுத்திய பின், ஆயில் திரும்பும் நீண்ட குழாயில் தங்கியிருப்பது தாழ்வில் இருக்கும் டர்போவுக்குள் இரவெல்லாம் இறங்கும். அதைத் தடுக்க ஒருவழி வால்வும், சாவியை எடுத்த பின்னும் ஒரு நிமிடம் பம்பை ஓட வைக்கும் டைமரும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

மறுமொழி 2

ஏற்பாடு தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். தவறு அன்று, விலை கொடுத்து வாங்கிய வசதி. காமரோவின் எஞ்சின் அறையில் வி8 எஞ்சினின் பாதி முன்கண்ணாடிக்கு அடியில் ஒளிந்திருப்பது உங்களுக்கே தெரியும். அங்கே டர்போவைச் செருக வேண்டுமானால் எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் மேனிஃபோல்டிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் புதிதாக வளைத்து வெல்டு செய்ய வேண்டும். பின்னால் வைத்தால் அந்த வேலை மிச்சம். டெக்சாஸ் வெயிலில் எஞ்சின் அறையில் இன்னொரு நெருப்புத் துண்டும் இல்லை. டர்போவே சைலன்சரின் வேலையில் ஒரு பங்கையும் செய்துவிடுகிறது. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் டர்போவுக்கு முன்னாலேயே இருப்பதால் அது விரைவில் சூடேறும் என்பது பலர் கவனிக்காத நன்மை. ஆனால் அதன் தேன்கூட்டுக் கல் உடைந்தால் சில்லுகள் நேராக டர்பைனில்தான் போய் அடிக்கும்.

இது புதிய யோசனையும் அன்று. இரண்டாம் உலகப் போரின் பி-47 தண்டர்போல்ட் விமானத்தில் எஞ்சின் மூக்கிலும் டர்போ விமானியின் இருக்கைக்குப் பின்னாலும் இருந்தன; இடையில் நீண்ட குழாய்கள் ஓடின.

பூஸ்ட் தாமதமாக வருவதற்கு அந்த 12 அடிக் காற்றுக் குழாய்தான் காரணம் என்பது என் கருத்து. அதை நிரப்பவே நேரம் போய்விடும்.

மறுமொழி 3

முந்தைய மறுமொழியின் கடைசிப் பத்தியோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. கணக்கிட்டுப் பார்ப்போம். இரண்டரை அங்குல விட்டமும் 12 அடி நீளமும் உள்ள குழாயின் கொள்ளளவு சுமார் 11.5 லிட்டர். அதில் 5 பிஎஸ்ஐ ஏற்றுவதற்குக் கூடுதலாகத் தேவைப்படுவது ஏறத்தாழ 4 லிட்டர் காற்று. 3,000 சுற்றில் இந்த எஞ்சின் ஒரு நொடிக்கு இழுப்பதோ 140 லிட்டர் வரை. ஆகவே குழாயை நிரப்புவதால் வரும் தாமதம் கண் இமைக்கும் நேரம்கூட இல்லை.

உண்மையான இழப்பு புகைக் குழாயில் நிகழ்கிறது. வாயு 800 டிகிரி செல்சியஸில் கிளம்பி 550 டிகிரியில் டர்போவை அடைவதாக வைத்துக்கொண்டால், அதன் கன அளவு ஏறத்தாழ கால் பங்கு சுருங்கிவிடும். வாயு குளிர்ந்து அடர்த்தியாவதால் உந்துதல் குறையாது என்று சிலர் சொல்வார்கள், அது சரியன்று. ஒரே அழுத்த விகிதத்தில் டர்பைனிலிருந்து கிடைக்கும் வேலை, உள்ளே வரும் வாயுவின் கெல்வின் வெப்பநிலைக்கு நேர் விகிதத்தில் இருக்கும். குறைந்ததை ஈடுகட்டச் சிறிய டர்பைன் உறை போட வேண்டும். அதற்கு எஞ்சின் கொடுக்கும் விலை கூடுதல் எதிரழுத்தம். புகைக் குழாய்க்கு வெப்பத்துணி சுற்றினால் இதில் ஒரு பகுதியை மீட்கலாம்.

ஆனாலும் இந்த அமைப்பு முன்பு 2,800 சுற்றில் பூஸ்ட் கொடுத்தது என்கிறீர்கள். அமைப்பின் குணம் நான்கு மாதத்தில் மாறாது. கசிவுதான் புதிதாக வரும். எஞ்சினின் இரு பக்கப் புகையும் ஒன்றுசேரும் ஒய் குழாய் முதல் டர்போ வரை ஒவ்வொரு இணைப்பிலும் கரித் தடம் தேடுங்கள். காற்றுக் குழாயின் ரப்பர் இணைப்புகளில் சோப்பு நீர் தெளித்துப் பாருங்கள்.

இன்னொன்று: நீண்ட குழாயே, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் வேலையைச் செய்துவிடும் என்று நம்பி பூஸ்டை ஏற்றிவிடாதீர்கள். 35 டிகிரி வெயிலில் 5 பிஎஸ்ஐக்கே டர்போவின் கம்ப்ரசரிலிருந்து காற்று 70 டிகிரிக்கு மேல் வெளியே வரும். குழாய் அதில் கொஞ்சம்தான் குறைக்கும். உங்கள் எஞ்சினின் கம்ப்ரஷன் (காற்றை அழுத்தும் விகிதம்) 10-க்கு 1 என உயர்வாக இருப்பதும் நினைவிருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. சனிக்கிழமை வண்டியை ஜாக்கியில் ஏற்றினேன். ஜாடியில் விழுந்தது ஆயில் அன்று, நுரைதான். பம்பின் முனைகளில் 9.6 வோல்ட்தான் காட்டியது. எர்த் வயரை முன்பு வைத்திருந்தவர் பெயின்ட் அடித்த தகட்டின் மீதே போல்ட் போட்டு முறுக்கியிருக்கிறார். வாஷருக்கு அடியில் பச்சை பூத்திருந்தது. தகட்டைப் பளபளக்கும்வரை தேய்த்து மறுபடி முறுக்கியதும் 13.4 வோல்ட் வந்தது. ஜாடியிலும் ஆயில் சீராக விழுந்தது. முதல் 40 மைல் வரை புகை இருந்தது, குழாயில் தேங்கியிருந்த பழைய ஆயில் என்று நினைக்கிறேன். பிறகு சிக்னலில் ஐந்து நிமிடம் நின்றும் வரவில்லை. காலைப் புகை மட்டும் சிறிது மிச்சமிருக்கிறது. ஒருவழி வால்வு இல்லவே இல்லை, வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

ஒய் குழாய்க்குப் பின்னுள்ள கிளாம்பைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குக் கரி படிந்திருந்தது. அதை மாற்றிய பின் பூஸ்ட் 2,900-இல் வருகிறது. ஏர் ஃபில்டரை எங்கே நகர்த்துவது என்பதுதான் இன்னும் புரியவில்லை.

மறுமொழி 1

சக்கரம் அள்ளி வீசும் தண்ணீர் நேராகப் படாத இடமாக, பம்பருக்குள் எவ்வளவு உயரத்தில் முடியுமோ அவ்வளவு உயரத்தில் வையுங்கள். தண்ணீரை ஒட்டவிடாத துணி உறையும் போடுங்கள். அது தூறலுக்கும் தெறிப்புக்கும்தான் உதவும். சாலையில் தண்ணீர் தேங்கினால், உங்கள் ஊரில் அது அடிக்கடி நடப்பதுதான், இந்த வண்டியை வெளியே எடுக்காதீர்கள். ஃபில்டர் மூழ்கினால் எஞ்சின் தண்ணீரையே உறிஞ்சி கனெக்டிங் ராட் வளைந்துவிடும். வால்வு வந்ததும் அதை ஆயில் திரும்பும் குழாயில், அதில் உள்ள அம்புக்குறி எஞ்சினை நோக்கி இருக்கும்படி பொருத்துங்கள். பம்பு நின்றால் டாஷ்போர்டில் எரியும்படி ஒரு சிவப்பு விளக்கையும் அப்போதே இணைத்துவிடுங்கள்.