பள்ளி வழக்கா, வாக்காளர் பதிவேடா: ஆய்வை எதில் தொடங்குவது?

நூலகவாசி:

அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் போராட்டத்தை ஆராய வருகிறவர்களில் பெரும்பாலோர் நேராக 1954 மே 17க்குப் போய்விடுகிறார்கள். பிரவுன் வழக்கு, உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், ஒருமனதான தீர்ப்பு, இனவாரிப் பள்ளிகள் ஒழிந்தன, சுபம். ஒழியவில்லை. பத்தாண்டுகள் கழித்தும் உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன பழைய தெற்குக் கூட்டமைப்பின் பதினொரு மாநிலங்களில் வெள்ளைப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் படித்த கறுப்பினப் பிள்ளைகள் நூற்றுக்கு இருவர்கூட இல்லை.

மறுபக்கம் பாருங்கள். மிசிசிப்பியில் 1964இல் வாக்களிக்கும் வயதுக் கறுப்பினத்தவரில் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றிருந்தவர்கள் சுமார் 7 சதவீதம். 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. 1967இல் அது 60 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. எது வரலாற்றை நகர்த்தியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாக்காளர் பதிவேடுகளில் தொடங்குங்கள். பள்ளி வழக்குகள் பின்னால் வரட்டும்.

வழக்காடி:

> பள்ளி வழக்குகள் பின்னால் வரட்டும்

வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியை (நம்மூர் மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதி) என்ன செய்வதாக உத்தேசம்? 1951 ஏப்ரலில் பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயதுப் பெண் தன் பள்ளியையே வேலைநிறுத்தத்தில் இறக்கினாள். இடம் போதாமல் தார்த்தாள் போர்த்திய கொட்டகைகளில் வகுப்பு நடந்த பள்ளி அது. அங்கே பிறந்த வழக்கு, பிரவுன் தீர்ப்பில் அடங்கிய ஐந்து வழக்குகளில் ஒன்று. தீர்ப்பு வந்தது. கவுண்டி என்ன செய்தது? 1959இல் அரசுப் பள்ளிகள் அனைத்தையும் இழுத்து மூடியது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி முளைத்தது. கட்டணத்துக்கு அரசுப் பணமும் கிடைத்தது. கறுப்பினப் பிள்ளைகளில் பலர் ஆண்டுக்கணக்கில் பள்ளிப் படியை மிதிக்கவில்லை.

திறக்க வைத்தது யார்? உச்ச நீதிமன்றம், 1964இல். நிதானம் பேசிய காலம் முடிந்துவிட்டது என்று நீதிபதி ஹியூகோ பிளாக் எழுதினார். எந்தத் தேர்தலும் அந்தப் பூட்டைத் திறக்கவில்லை.

இன்னொன்று. பாஸ்டனில் கறுப்பினத்தவருக்கு வாக்குப்போடத் தடை இருந்ததா? இல்லை. அங்கும் பள்ளிகள் பிரிந்துதான் கிடந்தன. 1974இல் நீதிமன்றம்தான் தலையிட வேண்டியிருந்தது.

நூலகவாசி:

"நிதானம்" என்ற சாக்கைக் கையில் கொடுத்ததே அதே நீதிமன்றம்தானே? 1955இல் பிரவுன் வழக்கின் இரண்டாம் தீர்ப்பு, நிதானத்தோடு கூடிய வேகத்தில் செய்யுங்கள் என்றது. தெற்கு மாநிலங்கள் நிதானத்தை எடுத்துக்கொண்டு வேகத்தை விட்டுவிட்டன. தான் போட்ட முடிச்சை ஒன்பது ஆண்டு கழித்து அவிழ்த்ததற்குப் பாராட்டு விழாவா?

பிரின்ஸ் எட்வர்டில் பள்ளிக்குப் பணம் மறுத்த கவுண்டி மேற்பார்வைக் குழு வானத்திலிருந்து குதிக்கவில்லை, தேர்தலில் வந்தது. வர்ஜீனியாவில் மாநிலத் தேர்தலில் வாக்களிக்கத் தலைவரி, அதாவது தலைக்கு இவ்வளவு என்ற வரி, கட்ட வேண்டியிருந்தது. 1966இல்தான் அது செல்லாது என்றானது. பள்ளி எண்களை உண்மையில் அசைத்தது பணம். பாகுபாடு காட்டும் நிறுவனத்துக்கு மத்திய நிதி இல்லை என்றது 1964இன் குடிமை உரிமைச் சட்டம். 1965இல் பள்ளிகளுக்குப் பெருந்தொகை மத்திய நிதி வந்தது. இரண்டையும் கொடுத்தது நாடாளுமன்றம், நீதிமன்றம் அல்ல. பாஸ்டன் தெற்கில் இல்லை, அதை விடுங்கள்.

வழக்காடி:

ஏன் விட வேண்டும்? உங்கள் வாதத்துக்கு இடிக்கிறது என்பதாலா? 1964 சட்டம் நிறைவேறியபோது மிசிசிப்பியின் கறுப்பின மக்களிடம் இருந்தது நீங்களே சொன்ன அந்த 7 சதவீதம்தான். அப்படியானால் அந்தச் சட்டம் அவர்களுடைய வாக்கால் வந்தது அல்ல. தெருப் போராட்டங்களால் வந்தது என்றால் ஒப்புக்கொள்கிறேன். பதிவேட்டால் வந்தது என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கிழக்குச் சன்னல்:

பள்ளி, வாக்கு என்று நீங்கள் இருவரும் சண்டை போடும் இரண்டு அலமாரிகள் அந்தக் கால மக்களுக்குத் தனித்தனியாக இருந்ததில்லை. கிளைட் கெனார்டின் கோப்பைப் படித்தால் தெரியும். மிசிசிப்பியில் ஹாட்டிஸ்பர்க் அருகே கோழிப்பண்ணை வைத்திருந்த முன்னாள் ராணுவ வீரர். வெள்ளையர் மட்டும் படித்த கல்லூரியில் சேர மீண்டும் மீண்டும் விண்ணப்பித்தார். 1960இல் 25 டாலர் மதிப்புள்ள கோழித் தீவனத் திருட்டுக்கு உடந்தை என்று ஏழாண்டு சிறை. 1963இல் புற்றுநோயால் இறந்தார்.

நீதிமன்ற ஆவணத்தை மட்டும் படிக்கும் ஆய்வாளருக்கு அவர் ஒரு தீவனத் திருடர். மிசிசிப்பி அரசு மக்களை வேவு பார்க்க 'இறையாண்மை ஆணையம்' என்று ஓர் அலுவலகம் நடத்தியது. 1998இல் அதன் கோப்புகள் திறக்கப்பட்ட பிறகு, அவரை எப்படித் தடுப்பது என்று அதிகாரிகள் பேசிக்கொண்டது எல்லோருடைய பார்வைக்கும் வந்தது. முக்கியச் சாட்சி பின்வாங்கினார். 2006இல் தண்டனை ரத்தானது.

அவரைத் தண்டித்த ஜூரியில் ஏன் ஒரு கறுப்பினத்தவரும் இல்லை? ஜூரியில் உட்கார வாக்காளர் தகுதி வேண்டும். அதே ஃபாரஸ்ட் கவுண்டியின் வாக்காளர் பதிவாளர் தெரன் லிண்ட், கறுப்பினத்தவரைப் பதிவுசெய்யாததற்காக மத்திய நீதித்துறையின் வழக்கைச் சந்தித்தவர். பள்ளிக் கதவும் பதிவேடும் சிறைக் கதவும் ஒரே கட்டடத்தில் இருந்தன.

அலபாமாவின் செல்மா நகரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1965 ஜனவரி 22 அன்று கறுப்பின ஆசிரியர்கள் நூறு பேருக்கு மேல் வாக்குரிமை கேட்டு, வாக்காளர் பதிவு நடந்த நீதிமன்றக் கட்டட வாசலுக்கு ஊர்வலம் போனார்கள். அவர்களுக்குச் சம்பளம் தந்தது வெள்ளையர் கையில் இருந்த பள்ளி வாரியம். அங்கே ஊர்வலம் போனவர்கள் பாலத்தில் காவலர்களிடம் அடிபட்ட மார்ச் 7ஐ எல்லோரும் எழுதுகிறார்கள். இந்த ஜனவரியை எழுதுகிறவர்கள் குறைவு.

வழிப்போக்கன்:

அலமாரி, கட்டடம் எல்லாம் சரி. ஆய்வேடு எழுதும் பிள்ளைக்கு எத்தனை கோப்பு படிக்க நேரம் இருக்கும்? ஓர் ஊரைச் சொல்லுங்கள்.

கிழக்குச் சன்னல்:

அலபாமாவின் மேக்கன் கவுண்டி. டஸ்கீகி நகரம். 1957இல் நகர எல்லையை 28 பக்கம் கொண்ட கோணல் உருவமாக வரைந்து ஏறக்குறைய எல்லாக் கறுப்பின வாக்காளர்களையும் வெளியே தள்ளினார்கள். மக்கள் வெள்ளையர் கடைகளைப் புறக்கணித்தார்கள். 1960இல் உச்ச நீதிமன்றம் அந்த எல்லைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1963இல் அதே ஊரின் உயர்நிலைப் பள்ளியில் 13 கறுப்பின மாணவர்கள் சேரவிருந்தபோது ஆளுநர் வாலஸ் காவலர்களை அனுப்பிப் பள்ளியை அடைத்தார். அந்தச் சேர்க்கைக்காகத் தொடுத்த வழக்கே 1967இல் அலபாமா முழுவதும் இனவாரிப் பள்ளிகளை ஒழிக்கச் சொன்ன உத்தரவாக வளர்ந்தது.

வழக்காடி:

பார்த்தீர்களா, இரண்டு முறையும் நீதிமன்றம்.

நூலகவாசி:

இரண்டு முறையும் வழக்குப் போட்டவர்கள் ஊர்க்காரர்கள். 1966இல் அதே கவுண்டியில் லூசியஸ் அமர்சன் ஷெரிஃபாக, அதாவது கவுண்டியின் காவல் தலைவராகத் தேர்வானார், உள்நாட்டுப் போரை அடுத்த மறுசீரமைப்புக் காலத்துக்குப் பின் தெற்கின் முதல் கறுப்பின ஷெரிஃப். அது வாக்கு.

வழக்காடி:

வாக்குதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த உயர்நிலைப் பள்ளி திறந்த சில நாட்களிலேயே வெள்ளை மாணவர்கள் அத்தனை பேரும் வெளியேறிவிட்டார்கள். பலர் புதிதாகத் தொடங்கிய தனியார் பள்ளிக்குப் போனார்கள். ஷெரிஃபால் அவர்களைத் திருப்பி அழைத்துவர முடிந்ததா?

நூலகவாசி:

நீதிபதியால் முடிந்ததா?