ஒன்பதாவது புவியியல்ல வாதம் பண்ணச் சொல்லிக்குடுக்குறது எப்படி?

மண்டபம்டீச்சர்: ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம் ஒன்பதாவதுக்கு சமூக அறிவியல் எடுக்கிறேன். 61 நாள் மீன்பிடி தடைக்காலம் தேவையான்னு பேச விட்டேன், விட்டதுதான் தப்பு, விசைப்படகு வீட்டுப் பயலுக ஒரு பக்கம் நாட்டுப்படகு வீட்டுப் பயலுக ஒரு பக்கம்னு பிரிஞ்சு "உங்க இழுவைமடிதான்டா குஞ்சு மீனெல்லாம் வாரிட்டுப் போகுது"ன்னு ஆரம்பிச்சு சண்டையாப் போச்சு. ஆதாரம் கேட்டா "எங்கப்பா சொன்னாரு". என்ன பண்றது?

தென்கடல்: அப்பா சொன்னதையும் தள்ளிராதீங்க டீச்சர், அவரு எதைப் பார்த்துச் சொன்னாருன்னு கேட்டுட்டு வரச் சொல்லுங்க. நான் ட்யூஷன் பயலுகளை ஜூன் மாசம் பாம்பன் ரோட்டுப் பாலத்துல நிப்பாட்டி, தெக்கே கடல் கொந்தளிக்குது வடக்கே கம்மா மாதிரி கெடக்கு, ஏன்டான்னேன். ஒருத்தன் பட்டுன்னு "தென்கடல் ஆழம் சார், அதான்"னான். சரிடா, ஆழம்தான்னா மார்கழில வடகடல் பொங்கி தென்கடல் சும்மா கெடக்கே, அப்ப ஆழம் எங்க போச்சுன்னேன். பய வாயே தெறக்கல. கொஞ்ச நேரம் கழிச்சு அவனே "சோழகம் தெக்கேருந்து அடிக்குது, வாடை வடக்கேருந்து"ன்னு வந்தான். அவன் சொன்னதுக்கு ஒத்து வராத ஒண்ணை அவன் முன்னாடி வைங்க, அது போதும்.

ஓலைப்பெட்டி: நான் தமிழ் வாத்தியார். வாதம் பண்ற முறை மணிமேகலையிலயே இருக்குங்க, பக்கம்னா சொல்ல வர்ற முடிவு, ஏதுன்னா அதுக்குக் காரணம், திட்டாந்தம்னா எடுத்துக்காட்டு. மலையில நெருப்பு இருக்கு, ஏன்னா புகை வருது, அடுக்களை மாதிரி. நம்ம புள்ளைக மொதல்ல உள்ளதைச் சொல்லிருவாங்க, ஏதுலதான் வழுக்குவாங்க. தடைக்காலம் மீன் முட்டை போடுற நேரம்னு மனப்பாடமாச் சொல்லுவான். அப்ப கிழக்கே ஏப்ரல் 15லருந்து ஜூன் 14, மேற்கே ஜூன் 1லருந்து ஜூலை 31, கன்னியாகுமரி ஒரே மாவட்டத்துக்குள்ளயே ரெண்டு தேதி, ஏன்டான்னு கேளுங்க. மழைக்காத்து எந்தக் கரையில எப்ப அடிக்குதுன்னு மேப்பை எடுத்தே ஆகணும்.

சும்மாஒருத்தன்: எல்லாம் சரி, போர்ஷன் யாரு முடிப்பா? பரீட்சைல அஞ்சு மார்க்குக்கு புக்குல உள்ளதை எழுதுனாத்தான் மார்க்.

மண்டபம்டீச்சர்: வாரத்துக்கு ஒரு பீரியட்தாங்க, அதுக்கே ஹெச்எம் முறைக்கிறாரு. இன்னைக்கு கட்சி மாத்தி விட்டேன். விசைப்படகு வீட்டுப் பையன் நாட்டுப்படகுக்காகப் பேசணும். வாரத்துல கடலுக்குப் போக நாட்டுப்படகுக்கு நாலு நாள் விசைப்படகுக்கு மூணு நாள்னு பிரிச்சது எதுக்குன்னு அவனே காரணம் சொன்னான், நல்லாவே சொன்னான். பெல் அடிச்சதும் வந்து, "டீச்சர், எங்க வீட்டுல சொல்லிராதீங்க"ங்கிறான்.