தவளை ஐயா பாய்ந்தது எவ்வளவு? பழைய சம்பியன்களும் இன்றைய பெடியளும் – உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

ஒட்டுசுட்டான் சந்தி:

மூன்று மாதமாக மனதை அரித்துக்கொண்டிருக்கிறது, எழுதிவிடுகிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். எங்கள் இல்ல மெய்வல்லுநர் போட்டியில் இந்த முறை மைக் என் கையில். உயரம் பாய்தலில் ஏஎல் (உயர்தரம்) படிக்கிற பெடியன் ஒருவன் 1.80 மீற்றர் பாய்ந்தான். தடி ஆடி நிற்பதற்குள் ‘கல்லூரியின் பழைய சாதனை முறியடிக்கப்பட்டது’ என்று கத்திவிட்டேன்.

பழைய சாதனை என்றால் எழுபதுகளில் தவளை ஐயா பாய்ந்தது. எங்கள் பக்கத்தில் தவளை ஐயாவைத் தெரியாத ஆள் இல்லை. ஆனால் அதற்கு ஒரு துண்டுத் தாள் கிடையாது. பள்ளிப் பதிவேடுகள் இடம்பெயர்வில் என்ன ஆகின என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அதனால் போட்டிக்கு முந்திய கிழமை அவர் வீட்டுக்கே போய்க் கேட்டிருந்தேன். ‘அஞ்சடி பத்து’ என்றார். 1.78 என்று மாற்றி எழுதிக்கொண்டேன்.

அன்றைக்கு அவரும் வந்திருந்தார். பரிசெல்லாம் கொடுத்து முடிந்து எல்லோரும் தேத்தண்ணிக்குப் போன நேரம் தனியாக மெத்தையடியில் நின்றார். பெருவிரலால் அமத்திப் பார்த்தார். பள்ளம் விழுந்து மெதுவாக மேலே எழும்புவதை ரசித்துவிட்டுத் திரும்பவும் அமத்தினார். ‘இதில விழுந்தா நித்திரை வரும்’ என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே, ‘தம்பி, அது அஞ்சு பத்து இல்லை, அஞ்சு பதினொண்டு. பெடியன் நல்லாப் பழகுறான், எட்டுற மாதிரி இருக்கட்டும் எண்டு குறைச்சுச் சொன்னனான்.’

ஐந்தடி பதினொரு அங்குலம் என்றால் 180.34 செ.மீ. மூன்று மில்லிமீற்றர்! பெடியனின் பெயர் சாதனைப் பலகையில் ஏறிவிட்டது. அவனிடம் சொல்வதா, அதிபரிடம் சொல்வதா, பேசாமல் இருப்பதா? உங்களுக்கும் இப்படிப் பழைய ஆட்களோடு ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

கிளிநொச்சி ஓவர்கேம்:

உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, கதை இருக்கிறது. மீள்குடியேறி ஒரு வருடம் இருக்கும். எங்கள் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைத் திருத்த வந்த மனிசன், வேலை முடிந்ததும் போகாமல் கரப்பந்து விளையாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். வயது அறுபதுக்குக் கிட்ட. ‘ஒரு கேம் தருவியளோ?’ என்று கேட்டார். எங்களுக்குச் சிரிப்பு. சேர்ட்டைக் கழற்றி நாலாக மடித்து வலைக்கம்பத்தடியில் வைத்தார். காற்றுக்குப் பறக்காமல் இருக்க மேலே ஸ்பனரை வைத்தார். இன்றைக்கும் எனக்கு அந்த ஸ்பனர்தான் கண்ணில் நிற்கிறது, விளையாட்டு இல்லை.

ஒரு தரம்கூட அவர் துள்ளவில்லை. நாங்கள் அடித்து நொறுக்குகிறோம், அவர் நாலு விரலால் பந்தை வெறும் மூலைக்குத் தள்ளுகிறார். தோற்றுப் போனோம். அவர் காலத்தில் சேர்விஸ் போடுகிற பக்கத்துக்கு மட்டும்தான் புள்ளி, 15 வரை. ஒரு கேம் இருட்டும் வரை இழுபடும், பொறுமை இல்லாதவன் விழுவான். தொண்ணூறுகளின் கடைசியில் சட்டம் மாறி, எந்தப் பக்கம் பிழைத்தாலும் மற்றப் பக்கத்துக்குப் புள்ளி, 25 வரை என்றானது. நாங்கள் அதில் வளர்ந்த பிள்ளைகள். வேறு வேறு விளையாட்டை விளையாடியவர்களை ஒரு தராசில் எப்படி நிறுப்பது?

குளக்கட்டு:

சந்தி, பழைய ஆட்கள் சொல்கிற இலக்கத்தை நம்பி நித்திரையைக் கெடுக்க வேண்டாம். அந்த இலக்கங்கள் எப்படிப் பிறக்கின்றன என்று எனக்குத் தெரியும், ஒன்றை நானே பெற்றவன்.

யுத்த காலம். துவக்கு வெடித்து ஓட்டம் தொடங்க முடியாது, இரண்டு பலகைகளை அடித்துத்தான் தொடங்குவோம். முடிவுக் கோட்டில் ஸ்ரொப் வோச்சோடு நான். பலகை மூடுவதைக் கண்ணால் பார்த்து அமத்த வேண்டும். எனக்குக் கண்ணுக்குள் வியர்வை, சத்தம் கேட்டுத்தான் அமத்தினேன். சத்தம் 100 மீற்றர் வந்து சேர கிட்டத்தட்ட 0.3 செக்கன் எடுக்கும். பெடியன் மார்பை நீட்டி விழுந்தான், நான் பார்த்தால் 10.6. மைதானம் முழுக்க ஆர்ப்பாட்டம். நான் வாயைத் திறக்கவில்லை. கை நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட இன்னும் 0.24 கூட்ட வேண்டும். எல்லாம் சேர்த்தால் பதினொன்றைத் தாண்டிவிடும். அவன் இப்போது வெளிநாட்டில். பேரப்பிள்ளைகளுக்கும் ‘10.6 தாத்தா’ தான்.

இலங்கையின் யுபுன் அபேகோன் 2022இல் 100 மீற்றரை ஓடிய 9.96க்கு மின்னணுக் கடிகாரம் சாட்சி. தவளை ஐயாவுக்கு யார் சாட்சி?

கிளிநொச்சி ஓவர்கேம்:

குளக்கட்டு, பிழை விட்டது நீங்கள், பழி பழைய ஆட்களுக்கா? நல்ல நியாயம்.

புதுக்குடியிருப்பு மகள்:

இவ்வளவு கதையிலும் ஒரு பெண் வரவில்லை, கவனித்தீர்களா?

நான் 800 மீற்றர் ஓடினவள். வலயப் போட்டிக்கு முதல் நாள் சந்தையில் அம்மாவுக்கு மிளகாய் வாங்கப் போனேன். கடைக்கார அம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை, காலைப் பார்த்தார். ‘சப்பாத்து பெரிசு, துணி அடைஞ்சு ஓடுறாய் என்ன?’ அண்ணாவின் சப்பாத்து அது, உண்மைதான். பெருவிரல் நகம் கறுத்துப் போயிருந்ததைக் கண்டுபிடித்துவிட்டார். ‘கழட்டிப்போட்டு ஓடு பிள்ளை, நாங்கள் எல்லாம் வெறுங்கால்தான்’ என்றார். அப்போதுதான் தெரியும், அவர் ஒரு காலத்தில் 400 மீற்றரில் மாவட்டத்தையே அடித்தவர் என்று.

அவர் மிளகாய் அளந்து போட்டது ஒரு சின்னக் கிண்ணத்தால். கைபிடி இரண்டும் உடைந்த வெற்றிக்கிண்ணம். அடியில் எழுத்துத் தேய்ந்து கிடந்தது. ‘எல்லாம் விட்டிட்டு ஓடேக்க இது அரிசிப் பானைக்குள்ள இருந்தது, அதால தப்பினது’ என்றார். நான் வெறுங்காலோடு ஓடி மூன்றாவதாக வந்தேன். அடுத்த வருடம் சொந்தச் சப்பாத்தோடு ஓடி முதலாவது. ஆகவே வெறுங்கால் மகிமை என்று யாரும் தொடங்க வேண்டாம்.

சந்தி, உங்கள் பலகையில் பெண்கள் பக்கம் பழைய பெயர் எத்தனை இருக்கிறது? 2023இல் எழுபது தாண்டிய முல்லைத்தீவு அம்மா ஒருவர் பிலிப்பைன்ஸ் போய் மூத்தோர் போட்டியில் தங்கம் கொண்டுவந்த பிறகுதான் ஊருக்கே நினைவு வந்தது, பெண்களும் ஓடினவர்கள் என்று.

நெடுங்கேணியான்:

என் அனுபவம் சின்னது. எண்பதுகளில் மணல் குழிக்குள் விழுந்தேன், அடியில் கல், முழங்கால் போச்சு. அவ்வளவுதான்.

ஆனால் பெடியனை வைத்துப் பழக்குகிற எல்லோருக்கும் சிலது சொல்ல வேண்டும். இப்போது எல்லோரும் முதுகுப்பக்கமாகப் பாய்கிறார்கள். அமெரிக்காவின் ஃபொஸ்பரி 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் அப்படிப் பாய்ந்து 2.24 மீற்றரில் தங்கம் எடுத்த பிறகு உலகம் முழுக்கப் பரவியது. மெத்தை இருந்ததால்தான் அது முடிந்தது. மணலில் அப்படிப் பாய்ந்தால் கழுத்து முறியும். தவளை ஐயா காலத்தில் இங்கே மணல்தான், காலாலே இறங்க வேண்டும். ஆகவே ஊரில் வைக்கோல் குவித்து முதுகால் பாயும் விளையாட்டை உடனே நிறுத்துங்கள். பள்ளியில் இரண்டு மெத்தை சேர்த்துப் போட்டால் நடுவில் இடைவெளி விடாமல் கயிற்றால் கட்டுங்கள், அதற்குள் கால் போய்ச் சிக்கும். மாரியில் வெளியே விட்டால் தண்ணி ஊறிக் கல்லாகிவிடும், களஞ்சியத்தில் எலி கடிக்காமல் தூக்கி வையுங்கள். ஓடி வருவது கடைசியில் வளைவாக வர வேண்டும், தடிக்குத் தூரமான காலால் எழும்ப வேண்டும். உழுத வயலில் ஓடவிடாதீர்கள். முழங்கால் வீங்கினால் எண்ணெய் போட்டு உருவிவிட்டு அடுத்த நாள் ஓடவிடுகிற வேலை வேண்டாம், ஓய்வு கொடுங்கள். டெங்கு வந்து எழும்பிய பிள்ளையை வைத்தியர் சொல்லும் வரை மைதானத்துக்கு எடுக்காதீர்கள். குரக்கன், கச்சான், முட்டை போதும், கடையில் விற்கிற சத்துமாப் பெட்டி தேவையில்லை.

அப்புறம், பெடியனிடம் சொல்லாதீர்கள். ஏஎல் முடியட்டும்.

வவுனியா அளவுநாடா:

ஆளாளுக்கு ஒன்று சொல்கிறீர்கள், விதியை யாரும் பார்க்கவில்லை. உயரம் பாய்தலை முழுச் சென்ரிமீற்றரில்தான் பதிவார்கள். 180.34 என்றால் பதிவு 1.80. முறியடிப்பும் இல்லை, தோல்வியும் இல்லை, சமன். பலகையில் இரண்டு பெயர் வர வேண்டும்.

இன்னொன்று. வலய மட்டத்தில் நடுவராக நின்ற ஒரு நாள், கம்பத்தடியில் அளந்து முடித்து நாடாவைச் சுருட்டுகிறேன். வேலிக்கு வெளியே சைக்கிளோடு நின்ற வயதானவர் ஒருவர் ‘நடுவில அளவுங்கோ! தடி தொய்யும்!’ என்று கத்தினார். கோபம் வந்தது. அளந்தால் ஓரத்தைவிட ஒரு சென்ரிமீற்றர் குறைவு. பதிவைத் திருத்திவிட்டுத் திரும்பினேன், ஆள் இல்லை. அவர் காலத்தில் மூங்கில் தடி, தொய்வு இன்னும் கூட. அதை அறிந்தவர் தன் பாய்ச்சலை ஓரத்தில் அளந்து சொல்லியிருப்பாரா?

குளக்கட்டுக்கு: பழையதெல்லாம் கட்டுக்கதை இல்லை. யாழ். மத்திய கல்லூரியின் எதிர்வீரசிங்கம் ஹெல்சிங்கி, மெல்பேண் என்று இரண்டு ஒலிம்பிக் பார்த்தவர். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீற்றர் பாய்ந்து இலங்கைக்கு முதல் தங்கம் எடுத்தார். ஃபொஸ்பரிக்குப் பத்து வருடம் முந்தியது அது. இன்றைய மெத்தையையும் சப்பாத்தையும் அவருக்குக் கொடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மறுபக்கம், ஆண்கள் உலக சாதனை கியூபாவின் சோட்டோமேயரின் 2.45, 1993இல் பாய்ந்தது. அதற்குப் பிறகு எத்தனை புதுச் சப்பாத்து வந்தது, தடி அசையவில்லையே.

ஒட்டுசுட்டான் சந்தி:

எல்லோருக்கும் நன்றி. மகள், நீங்கள் கேட்டதைப் பார்த்துவிட்டு நேற்றுப் போய்ப் பலகையை எண்ணினேன். பெண்கள் பக்கம் 2010க்கு முந்திய பெயர் ஒன்றுகூட இல்லை. வெட்கமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தை அம்மா எந்தப் பள்ளி என்று கேட்டுச் சொல்ல முடியுமா?

அளவுநாடா, சைக்கிள் என்ன நிறம்? சும்மா கேட்டேன்.

பெடியனிடம் சொல்லிவிட்டேன், நெடுங்கேணியான் கோபிக்க வேண்டாம். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு ‘ஐயா எந்தக் காலால எழும்பினவர்?’ என்று கேட்டான். அது எனக்குத் தெரியவில்லை, ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன்.

அதிபரும் சரி என்றுவிட்டார், சமன் என்றே போடலாமாம். பலகை எழுதுகிற தம்பி தூரிகையோடு வந்து நின்று ‘முதலெழுத்து என்ன?’ என்றார். முதலெழுத்தை விடுங்கள், எனக்கு அவருடைய பெயரே தெரியாது. ஒழுங்கையில் நாலு வீட்டில் கேட்டேன். நாலு பேரும் தவளை ஐயா என்றார்கள்.