அஸ்திரா ஏவுகணைக்கு '100 கி.மீ.' என்பது எந்தக் கணக்கு?

வள்ளியூர் வானம்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். விமானத்திலிருந்து விமானத்தை அடிக்கும் நம் அஸ்திரா மார்க்-1 ஏவுகணையின் வீச்சு 100 கி.மீ.க்கு மேல் என்கிறார்கள். 178 மி.மீ. தடிமனுள்ள ஏவுகணையின் மூக்கில் இருக்கும் ராடார் அவ்வளவு தூரம் பார்க்குமா? பார்க்கும் என்றால் ஏவியதுமே விமானி திரும்பிவிடலாமே, பறக்கும் ஏவுகணைக்கு விமானம் தகவல் அனுப்பும் டேட்டா லிங்க் எதற்கு?

பாளை ராடார்:
பார்க்காது தம்பி. ராடார் எதிரொலி தூரத்தின் நான்காம் அடுக்கில் தேயும். இரண்டு மடங்கு தூரம் பார்க்க 16 மடங்கு சக்தி வேண்டும். அந்த மூக்குக்குள் அதற்கு இடமில்லை. கடைசிக் கட்டத்துக்கு மட்டுமே அது கண் திறக்கும். அதுவரை ஏவிய சுகோய்-30 போர் விமானம் தன் பெரிய ராடாரால் இலக்கைப் பார்த்து, அது இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த ராடாரின் கற்றை எவ்வளவு இடத்தை மூடும் என்று பார்ப்போம். ஏவுகணையில் அலைநீளம் 2 செ.மீ., ஆன்டெனா 16 செ.மீ. என்று வையுங்கள். தோராய விதிப்படி கற்றையின் அகலம் 70×அலைநீளம்÷ஆன்டெனா, அதாவது 70×2÷16, சுமார் 9 பாகை. 15 கி.மீ. தொலைவில் அது 2.3 கி.மீ. அகலத்தைத்தான் மூடும். விமானி சீக்கிரம் திரும்பி, லிங்க் 10 நொடி அறுந்தால் என்ன ஆகும்? நொடிக்கு 250 மீட்டர் போகிற இலக்கு அதற்குள் வளைந்தால் 2.5 கி.மீ. தள்ளிப் போயிருக்கும். ஏவுகணை கண் திறக்கையில் எதிரே வெறும் வானம்.

தாமிரபரணிக் கரை:
வீச்சுக் கணக்கை நான் சொல்கிறேன். ஏவுகணை 60 நொடி, சராசரி நொடிக்கு 1,000 மீட்டர் வேகத்தில் பறந்தால் 60 கி.மீ. போகும். இலக்கு நொடிக்கு 300 மீட்டர் வேகத்தில் எதிரே வந்தால் அது 18 கி.மீ. நெருங்கிவிடும், 78 கி.மீ.யில் ஏவலாம். கிட்டத்தட்ட பாளையங்கோட்டையிலிருந்து கன்னியாகுமரி. அதே இலக்கு முதுகு காட்டி ஓடினால் 42 கி.மீ.தான், தூத்துக்குடியோடு சரி. ஏவுகணை ஒன்றுதான், மாறியது இலக்கின் திசை. அச்சில் வரும் பெரிய எண், உயரத்தில், எதிரெதிரே வரும் கணக்கு. 10 கி.மீ. உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. தாழ ஏவினால் வீச்சு பாதிக்கும் கீழே விழும்.

மோட்டார் சில நொடியில் எரிந்து தீர்ந்துவிடும். மிச்சமெல்லாம் சேர்த்த வேகத்தில் போவது. கடைசியில் இலக்கு ஒரு திருப்பு திருப்பினால் துரத்த வேகம் இருக்காது. ரஃபேல் விமானத்தின் மீட்டியார் ஏவுகணை, எதிரே வரும் காற்றை உள்ளிழுத்து எரிக்கும் ராம்ஜெட் எஞ்சினால் எரிபொருளை அளந்து எரித்து, கடைசிவரை உந்துதலை வைத்திருக்கிறது. எனக்கு அதில் பெரிசாகத் தெரிவது இதுதான், தூரமல்ல.

வள்ளியூர் வானம்:
தெளிவாச்சு அண்ணாச்சி. கண் திறந்து பிடித்துவிட்டால் தப்பவே முடியாதா?

பாளை ராடார்:
முடியும். தரை எதிரொலியிலிருந்து விமானத்தைப் பிரிப்பது டாப்ளர், அதாவது எதிரொலியின் அதிர்வெண் மாற்றத்தை வைத்து நெருங்கும் வேகத்தை அறிவது. நொடிக்கு 900 மீட்டரில் ஏவுகணை கீழ்நோக்கிப் பாய்கிறது என்றால், நேர் எதிரே உள்ள தரையும் 900-இல் நெருங்குவதாகத் தெரியும். எதிரே வரும் விமானம் 1,200; தனியே நிற்கும். குறுக்கே 90 பாகையில் திரும்பினால் அதுவும் 900. தரையை வடிகட்டும் வடிகட்டி விமானத்தையும் சேர்த்துக் கழித்துவிடும். பின்னணியில் மகேந்திரகிரி மாதிரி மலை இருந்தால் இன்னும் வசதி. ஏவுகணை கீழிருந்து மேலே பார்த்து வந்தால் இந்த வித்தை செல்லாது. பின்னால் வானம்தான், கழிக்கத் தரை இல்லை.

தாமிரபரணிக் கரை:
ஒன்று விட்டுப்போச்சு. வியட்நாம் போரில் அமெரிக்காவின் ஸ்பேரோ ஏவுகணை பத்துக்கு ஒன்றுகூடச் சரியாக அடிக்காததற்கு ஈரத்தில் கெட்ட மின்னணுவும் ஒரு காரணம். அதில் அனுப்பும் ராடாரே கிடையாது. தாய் விமானம் கடைசிவரை இலக்கின்மேல் கற்றையைப் பிடித்தே இருக்கணும். அஸ்திராவில் தன் ராடார் இருக்கிறது. 2025 ஜூலையில் ஒடிசா கடலோரம் சுகோயிலிருந்து சோதித்தபோது அந்தக் கண் நம் நாட்டிலேயே செய்தது.