எஸ்ஏடி கணிதத்தில் நேரம் போதவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். மகள் அமெரிக்காவில் அரசுப் பள்ளியில் 11ஆம் வகுப்பு. வகுப்புத் தேர்வுகளில் நன்றாகவே மதிப்பெண் வாங்குகிறவள், கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி (SAT) மாதிரித் தேர்வில் மட்டும் 1600க்கு 1080ஐத் தாண்டவில்லை. கணிதத்தில் 35 நிமிடத்துக்கு 22 கேள்விகள், அப்படி இரண்டு பகுதி. முதல் பகுதியை எப்படிச் செய்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் இரண்டாவது கடினமாகவோ எளிதாகவோ வரும் என்பதால் ஆரம்பத்திலேயே பதறிவிடுகிறாள். நேற்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், 9ஆவது கேள்வியிலேயே ஆறு நிமிடம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள், விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக மனசே வரவில்லை. தப்பான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள் என்று சொல்லியும் கேட்கவில்லை. கான் அகாடமி இணையதளத்தில் பயிற்சி தினமும் செய்கிறாள், அதில் குறையில்லை. நேரம்தான் சிக்கல். உங்கள் பிள்ளைகளுக்கு இதை எப்படிப் பழக்கினீர்கள்? அப்புறம், முழு மாதிரித் தேர்வு வாரம் ஒன்று போதுமா?